ஓனர் ஏசுவார்

என் மச்சான் ஷரிபுதீன் இருபத்தி நாலு வருஷமாக ஒரு டொயோட்டா வேனை ஓட்டி வருகிறார். வேன் அவர் காசு கொடுத்து வாங்கியது. ஆனால் சாய்ந்தமருதில் பாதிப் பேருக்கும், கல்முனைப் பக்கத்துப் பொலிஸ்காரர்களுக்கும், விமான நிலைய வழியில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கும் அவர் வெறும் டிரைவர். அந்தப் பேரை யாரும் அவர் மேல் சுமத்தவில்லை. அவராகவே வாயால் தேடிக்கொண்டது.

யாராவது வந்து, "காக்கா, மகள்ர வீட்டுக்கு ஒரு அலுமாரி கொண்டு போகணும். பின் சீற்றக் கழட்டிப் போட்டு ஒரு நடை வாறீங்களா?" என்று கேட்பார்கள். ஷரிபுதீனுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. அலுமாரி உரசி உட்பக்கம் கீறுபடுவதையும் அவரால் தாங்க முடியாது. ஆகவே தலையைச் சொறிந்துகொண்டு சொல்வார்.

"ஏத்தலாம் தம்பி. ஆனா ஓனர் ஏசுவார்."

இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு மனிதர் கால் நூற்றாண்டை ஓட்டிவிட்டார். கடனாக வேன் கேட்டவர்கள், மீன் பெட்டி ஏற்றக் கேட்டவர்கள், தேர்தல் நேரத்தில் கொடி கட்டக் கேட்டவர்கள் எல்லாருக்கும் இதே பதில்தான். கேட்கிறவர்களும் பாவம் என்று விட்டுவிடுவார்கள். இல்லாத ஒரு முதலாளியின் கோபத்துக்குப் பயந்து ஊரே ஒதுங்கிப் போனது.

நான் அவருடைய மனைவி முஸ்பிறாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன். முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். படிவங்களோடு வாழ்ந்தவன். ஒரு படிவத்தில் நிரப்பாத இடம் ஒன்றைக் கண்டால் எனக்குப் பல் கூசும். இந்தக் கதை அப்படி நிரப்பாமல் விட்ட ஓர் இடத்தைப் பற்றியது என்பதால், சொல்லும்போது இடையிடையே எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிழக்குக் கரையில் டொயோட்டாவுக்கு இருக்கிற மரியாதையை வெளியூரார் கண்டால் சிரிப்பார்கள். என் வாப்பாவின் காலத்தில் கல்முனையில் கார் என்றால் இங்கிலாந்துக் கார்தான். எழுபதுகளின் கடைசியில் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் ஜப்பான் வாகனங்கள் வந்து இறங்கின. முதலில் நெல் ஏற்றுகிற பிக்கப், பிறகு குடும்பங்களுக்கான கார், அதற்குப் பிறகு வேன். அந்த வேன்களில் ஒன்றுக்கு மூக்கு முன்னுக்கு வழிந்து மீன் மூக்கு மாதிரி இருந்ததால் நாடு முழுக்க அதை டொல்பின் என்றார்கள். கம்பனி வைத்த பேர் ஹையேஸ். அந்தப் பேரைச் சொல்லி எங்கள் ஊரில் வேன் தேடினால் கிடைக்காது. டொல்பின் என்று கேட்க வேண்டும்.

சவூதிக்கும் கட்டாருக்கும் போகிறவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போனது டொல்பின். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மையித்து விழுந்த சாவு வீட்டுக்கும் ஓடியதும் அதுதான். கடற்காற்று கதவின் அடித்தகரத்தைத் தின்றது, எஞ்சினைத் தொடவில்லை. தன் டொல்பினைக் குறை சொன்ன உரிமையாளர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. குறை சொன்னால் விலை விழுந்துவிடும் என்ற பயம் அதில் பாதி. மீதிப் பாதி உண்மை.

விலை என்றதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் வேன் வாங்க வருகிறவர் எஞ்சினைத் திறந்து பார்ப்பது இரண்டாவது வேலை. முதலில் கேட்பது, "புத்தகத்தில எத்தின பேர்?" என்றுதான். புத்தகம் என்பது வாகனத்தின் பதிவுப் புத்தகம். அதில் ஒரே ஒரு பேர் இருந்தால் அது ஃபர்ஸ்ட் ஓனர் வேன். நாலு பேர் இருந்தால் நாலு கை மாறிய வேன், கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலை சொல்வார்கள். ஆகவே எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேனை விற்கிறவர் பேர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பார். வாங்குகிறவர் தன் பேரை எழுத மாட்டார். அடுத்தவருக்கு விற்கும்போது அதே வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிடுவார். இதற்கு ஓப்பன் பேப்பர் என்று பேர். ஏழு பேர் ஓட்டிக் களைத்த வேன்கூட புத்தகத்தில் ஒரே ஓனர் வேனாக இளமையோடு நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால் இந்த வேன்கள் எல்லாம் இங்கே வருவதற்கு முன்பே ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளியவை. ஷரிபுதீனின் வேன் கதவின் உட்பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இன்றைக்கும் இருக்கிறது. ஏதோ கடையின் பேராக இருக்கலாம். அதை அவர் உரிக்க விடமாட்டார், ஒரிஜினலுக்கு அத்தாட்சியாம். முதல் ஓனரின் பேர் அங்கே பச்சையாக ஒட்டியிருக்க, ஃபர்ஸ்ட் ஓனர் வேன் என்று சொல்லிக்கொள்வதை என்னவென்பது.

2001 இல் இந்த வேனை அவருக்கு விற்றவர் பிலிப்பு மாஸ்டர். கல்முனையில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. கணக்குப் படிப்பித்தவர், அதிகம் கதைக்காதவர். மகன் டிலக்சனை வெளிநாட்டுக்கு அனுப்ப அவசரமாகப் பணம் தேவைப்பட்டு விற்றார். விற்ற அன்று ஷரிபுதீனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"பேர மாத்த வேணாம் தம்பி. எண்ட பேரிலயே இருக்கட்டும். நீங்க விக்கிற காலத்தில நல்ல விலைக்குப் போகும். எப்ப வேணுமெண்டாலும் வாங்க, நான் புதுப் பேப்பர்ல கையெழுத்து வெச்சுத் தாறன்."

மச்சானுக்கு மாஸ்டர் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. அடுத்த வருஷம் வன்னிப் பாதை திறந்தபோது, ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று மாஸ்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். ஷரிபுதீன் கூலி வாங்காமல் மாஸ்டரையும் அவருடைய மனைவி சகாயம்மாவையும் ஏற்றிப் போனார். போவதற்கு முதல் நாள் மாஸ்டர் புதுப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுவே வழக்கமாகிவிட்டது. ஆவணி பிறந்தால் மடுப் பயணம், அதற்கு முதல் நாள் ஒரு புதுக் கையெழுத்து. அவர்கள் கோயிலுக்குள் போவார்கள், மச்சான் மரத்தடியில் பாயை விரித்துத் தொழுதுவிட்டு வேனுக்குக் காவல் இருப்பார். யுத்தம் பாதையை மூடிய வருஷங்கள் போக, 2019 வரைக்கும் பதினான்கு படிவங்கள் சேர்ந்தன. பதினான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். பதினான்கிலும் மாஸ்டரின் அழகான கையெழுத்து. பதினான்கிலும் வாங்குபவரின் பேர் எழுதும் இடம் வெறுமை.

"எழுதுங்க மச்சான்" என்று நான் ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்வேன்.

"அவசரம் என்னத்துக்கு? எழுதினா செக்கண்ட் ஓனர் ஆகிடும்" என்பார்.

அவர் நிலைமையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் இருப்பான். ஷரிபுதீன் இருக்கிற வீடு முஸ்பிறாவின் பேரில். சுனாமி கொண்டுபோன பழைய வீடும் அவள் பேரில்தான் இருந்தது. இரண்டு மகள்மாருக்கும் கட்டிக் கொடுத்த வீடுகள் அவரவர் பேரில். இறக்காமத்தில் இருந்த வயலை விற்ற காசும் அந்தச் சுவர்களுக்குள் போய்விட்டது. அறுபத்திரண்டு வயதில் தன்னுடையது என்று அவர் கை வைத்துச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அதிலும் வேறொருவர் பேர்.

2021 இல், கொரோனாவுக்குள், பிலிப்பு மாஸ்டர் காலமானார். ஊரடங்கு. கடைசியாக முகம் பார்க்கவும் விடவில்லை. அடைப்பு நீங்கிய பிறகு மச்சான் ஒரு நாள் அந்த வீட்டு கேற் வரைக்கும் போனார். உள்ளே போகவில்லை. "பேப்பருக்குத்தான் வந்திரிக்கான் என்டு அந்த அம்மா நினைச்சிட்டா?" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே அவர் போவதில்லை. மாஸ்டர் இல்லை, மடுப் பயணமும் இல்லை. வேன் மட்டும் மாஸ்டரின் பேரில் ஓடிக்கொண்டிருந்தது. இறக்குமதியை நிறுத்திய வருஷங்கள் வேறு. பழைய டொல்பினுக்கு நினைத்தே பார்க்காத விலை வந்தது. "ஃபர்ஸ்ட் ஓனர்" என்று சொல்லும்போது மச்சானின் குரல் தானாகக் கொஞ்சம் தாழும். மரியாதையினால்.

எருமை குறுக்கே வந்தது 2025 மாசி மாதம். நாவிதன்வெளிப் பக்கம் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வேனாகக் காலையில் திரும்பி வந்துகொண்டிருந்தார். வாய்க்கால் கட்டிலிருந்து ஒரு எருமை றோட்டுக்குப் பாய்ந்தது. பிறேக் பிடித்தும் முன்மூக்கால் இடித்துவிட்டார். எருமைக்குக் கால் முறிந்தது. மனிதர்களுக்கு ஒன்றுமில்லை. எருமைக்காரரோடு பேசித் தீர்த்தாயிற்று. ஆனால் அதற்கு முன்பே முறைப்பாடு பதிவாகி, வேன் பொலிஸ் வளவுக்குள் போய்விட்டது. வழக்கு. நீதவான், வேனைப் பதிவுப் புத்தகத்தில் பேர் உள்ளவரிடமோ அவருடைய வாரிசிடமோதான் விடலாம் என்றார்.

"நான்தான் ஓனர்" என்று மச்சான் பொலிசில் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

மேசையில் இருந்த கொன்ஸ்டபிள் தமிழில் நன்றாகக் கதைக்கிறவர். மச்சானை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வருஷம் எங்கட ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குக் கதிரை ஏத்தக் கேட்டம். ஓனர் ஏசுவார் என்டு சொன்னது நீங்கதானே?"

மச்சான் தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வளவுக்குள் வேப்ப மரத்துக்குக் கீழே வேன் நின்றது. ஒரு பக்கக் கண் உடைந்து, கண்ணாடியெல்லாம் வேப்பஞ் சருகு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போவோம் என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

தரகர் பாயிஸ் வந்து ஒரு வழி சொன்னான். கடைசிப் படிவத்தில் மச்சானின் பேரை எழுதி, மாஸ்டர் உயிரோடு இருந்த காலத்துத் திகதி ஒன்றைப் போட்டால் போதுமாம். "மவுத்தானவர் வந்து கேக்கப் போறாரா?" என்றான். நான் அவனைத் திட்டி அனுப்பினேன். வெற்றுப் படிவத்தையே பொறுக்காதவன் நான், பொய்த் திகதியைப் பொறுப்பேனா. மச்சானும் வேண்டாம் என்றார். மிச்சம் ஒரே வழிதான். இரண்டு பேரும் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குப் போனோம்.

சகாயம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது. கேற்றில் மச்சானைக் கண்டதும் முகம் மலர்ந்தது, உடனே கோபமும் வந்தது.

"வாங்க தம்பி, இரிங்க. மாஸ்டர் போன பிறகு இந்தப் பக்கம் கிறுகியும் பாக்கல்லயே நீங்க. நாலு வருஷம். எங்கட வேன் என்ன பாடோ எண்டு நான் யோசிக்காத நாள் இல்ல."

மச்சான் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். எங்கட வேன் என்ற சொல் எனக்கு மட்டும்தான் உறுத்தியது என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அவருக்கும் உறுத்தியிருப்பது தெரிந்தது. மெதுவாக எருமைக் கதையைச் சொன்னார். வாரிசு வர வேண்டும் என்று நீதவான் சொன்னதையும் சொன்னார்.

"வராம? எங்கட வேனப் பொலிஸ் பிடிச்சா நாங்கதானே போய் எடுக்கணும்" என்றார் சகாயம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "எண்ட நகையில வாங்கின வேன் ஐயா அது. தாலிக்கொடியத் தவிர எல்லாம் வித்து வாங்கின. மகன் வெளிநாடு போற நேரம் வேன் வீட்டில நிக்கல்ல. வித்திட்டீங்களோ எண்டு மாஸ்டரைப் பிடிச்சுக் கேட்டன். இல்ல, சாய்ந்தமருதில ஒரு நல்ல டிரைவர் ஓட்டுறார், மகனுக்குக் கடன்பட்டுத்தான் அனுப்பின எண்டார். எனக்கு நம்பிக்கை வரல்ல. மறுகா அடுத்த ஆவணிக்கு வேன் கேற்றடியில வந்து நிண்டிச்சு. 'வித்திருந்தா மடுவுக்கு எப்பிடி வரும்' எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் கேக்கல்ல."

பிளேன்டீ வந்தது. மச்சான் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

பேர் மாற்ற வேண்டாம் என்று மாஸ்டர் ஏன் சொன்னார் என்பது இருபத்தி நாலு வருஷம் கழித்து எங்களுக்கு விளங்கியது. விலைக்காக அல்ல. மனைவியின் நகை போய்விட்டது என்று அவளிடம் சொல்ல அந்த மனிதருக்குத் தைரியம் வரவில்லை. இவர் ஊருக்கு டிரைவராக நடித்தார், அவர் வீட்டுக்குள் ஓனராக நடித்தார். ஒருவர் பொய்யை மற்றவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். இருவருக்கும் அது தெரியாது.

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "பதினாலு பேப்பர் இரிக்கி மச்சான். நாளைக்கே கொண்டுவந்து காட்டுங்க. காசு குடுத்து வாங்கினது என்டு சொல்லுங்க."

"காட்டேலா."

"ஏன்?"

"காட்டினா மாஸ்டர் அவட முன்னுக்குப் பொய்காரன் ஆகிடுவார். மண்ணுக்குள்ள இரிக்கிற மனிசன் வந்து பதில் சொல்லேலாதே." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நானும் அதே பொய்யத்தான் சொன்னன்" என்றார்.

வழக்கு நாளில் சகாயம்மா வெள்ளைச் சேலை கட்டி, மாஸ்டரின் மரணச் சான்றிதழையும் கலியாணப் பதிவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். நீதவான் கடதாசிகளைப் பார்த்தார். பிறகு மச்சானைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

"எங்கட டிரைவர், ஐயா. மாஸ்டர்ர காலத்திலிருந்து ஓடுறவர். நல்ல மனிசன்."

"அப்படியா?" என்று மச்சானிடம் கேட்டார் நீதவான்.

"ஓம், ஐயா" என்றார் மச்சான்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடித்தது நன்றாகவே வலித்தது.

நீதவான் வேனைச் சகாயம்மாவிடம் விடச் சொன்னார். அதை எடுக்கப் போன இடத்தில்தான் அந்த விஷயம் நடந்தது. சகாயம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உடைந்த லைட்டைப் பார்த்தார், நெளிந்த மூக்கைக் கையால் தடவினார். பிறகு திரும்பி நின்று ஏசத் தொடங்கினார்.

"இது என்ன தம்பி? இப்பிடியா பாத்துக் கொண்ட? எவ்வளவு பெரிய எருமை, அது கண்ணில படல்லயா? மாஸ்டர் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்? அடித்தகரம் துருப்பிடிச்சுக் கிடக்கு. பெயின்ற் பூசிறதில்லயா? நம்பித்தானே உங்கட கையில தந்த?"

ஐந்து நிமிஷம் நீடித்தது. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றார். அந்தக் கொன்ஸ்டபிள் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அப்ப உண்மைதான். ஓனர் நல்லா ஏசுறா."

அன்றைக்கு வீட்டில் முஸ்பிறா பிடித்த பிடியைச் சொல்ல வேண்டியதில்லை. "ரெண்டு புள்ளைக்கும் வீடு கட்டினது இந்த வேன் ஓடித்தான். இப்ப அது சகாயம்மாட வேனா? கோட்டில நீதவானுக்கு முன்னுக்கு நிண்டு டிரைவர் என்டு சொல்ல ஒங்களுக்கு எப்பிடி வாய் வந்திச்சு?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. எனக்கும் அவர் மேல் எரிச்சல்தான். அதே நேரம், சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வேனைச் சகாயம்மாவின் பேருக்கு மாற்றுகிற வாரிசுக் கடதாசிகள் முடியச் சரியாக நாலரை மாதம் எடுத்தது. டிலக்சன் வெளிநாட்டிலிருந்து சம்மதக் கடிதம் அனுப்பினான். கந்தோர் கந்தோராகச் சகாயம்மாவை ஏற்றி இறக்கியவர் மச்சான். ஆடி முடிவில் புத்தகத்தில் இரண்டாவது பேர் ஏறியது. சகாயம்மா. இருபத்தி நாலு வருஷம் பொத்திக் காத்த ஃபர்ஸ்ட் ஓனர் மதிப்பு அன்றோடு சரி. வேனும் சட்டப்படி கைவிட்டுப் போனது. அந்த அம்மா நாளைக்கு மனம் மாறி விற்றுவிட்டால் மச்சானிடம் மிஞ்சுவது சாரதி அனுமதிப் பத்திரம் மட்டும்தான்.

ஆவணி பிறந்தது. மடுவுக்குப் போக வேண்டும் என்று சகாயம்மா சொல்லியனுப்பினார். மச்சான் நெளிவு எடுத்து, அடித்தகரத்துக்குப் பெயின்ற் பூசி, கழுவித் துடைத்து வைத்திருந்தார். போவதற்கு முதல் நாள் நேரம் கேட்டு வரப் போனபோது, முஸ்பிறா என்னையும் கூட அனுப்பினாள். எப்படியாவது பேசி ஒரு கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. எப்படிப் பேச்சை எடுப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்ததும் சகாயம்மா உள்ளே போய் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பேர் மாற்றும் படிவம். பஸ் ஸ்டாண்ட் அருகே உள்ள கடையில் அவரே வாங்கியிருக்கிறார். கீழே விற்பவரின் இடத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார். வாங்குபவரின் இடம் வெறுமை.

"மாஸ்டர் ஒவ்வொரு முறையும் போறதுக்கு முதல் நாள் இதில கையெழுத்து வெச்சு உங்களுக்குத் தருவாரே. என்ன அது எண்டு கேட்டா, டிரைவருக்கு ஓடக் குடுக்கிற உத்தரவு எண்டு சொல்லுவார். இப்ப வேன் எண்ட பேரில. அப்ப நான்தானே தரணும். பிடிங்க."

எனக்கு அந்தக் கதிரையிலேயே குனிந்து இறைவனுக்குச் சுஜூது செய்யலாம் போல இருந்தது. வாயை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று மச்சானைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் ஒரு பேரை எழுதினால் எல்லாம் முடிந்தது. பொய்த் திகதி இல்லை, பொய்க் கையெழுத்து இல்லை. நான்கூடக் குறை சொல்ல முடியாத படிவம்.

மச்சான் அதைக் கையில் எடுக்கவில்லை.

"அம்மா, இத வாசிச்சிப் பாத்தீங்களா?"

"எழுத்துச் சின்னன் தம்பி. மாஸ்டர் வெச்ச பேப்பர்தானே."

"இது உத்தரவு இல்லம்மா. வேனைக் குடுக்கிற பேப்பர். இதில நீங்க கையெழுத்து வெச்சா வேன் எனக்கு."

சகாயம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு வரியாக வாசித்தார். தெருவில் வீடு வீடாகப் பாண் விற்கிற சூன்பாண் ஓட்டோ தன் பாட்டோடு வந்து, நின்று, யாருக்கோ பாண் கொடுத்துவிட்டுப் போனது. அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"அப்ப மாஸ்டர் ஒவ்வொரு வருஷமும் வேனை உங்களுக்குத் தந்தவரா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி உண்மை வந்துதான் ஆக வேண்டும். விற்றார், காசு வாங்கினார், உங்களிடம் பொய் சொன்னார். வேறு பதில் இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை.

"ஓம் அம்மா" என்றார் மச்சான். "ஒவ்வொரு வருஷமும் தந்தார். நான்தான் எடுக்கல்ல."

"ஏன் எடுக்கல்ல?"

"மாஸ்டர்ர பேர் இரிந்தாத்தான் வேனுக்கு மதிப்பு."

அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. முப்பத்தொரு வருஷம் சத்தியக் கடதாசிகளைப் பரிசோதித்தவன் சொல்கிறேன்.

சகாயம்மா சுவரில் இருந்த மாஸ்டரின் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், கண்ணையும் துடைத்தார்.

"பதினாலு முறை மடுவுக்குப் போனம், பதினாலு முறை தந்திருக்கிறார். நான் என்ன, இல்லையெண்டா சொல்லப் போறன்?" என்றார். என் சட்டைப் பையைக் காட்டினார். "பேனை இருக்குத்தானே ஐயா. குடுங்க இவருக்கு. இப்ப, எனக்கு முன்னுக்கு, பேர எழுதட்டும்."

மச்சான் எழுதினார். முதல் எழுத்தை எழுதிவிட்டு, சரியா என்று கேட்பது போல என்னைப் பார்த்தார். இருபத்தி நாலு வருஷமாக நான் நிரப்பச் சொன்ன இடம் நிரம்பிக்கொண்டு வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

"சரி" என்றார் சகாயம்மா. "வேன் உங்கட எண்டாலும் இன்னொரு எருமைய இடிச்சா நான் ஏசுவன்."

இப்போது புத்தகத்தில் மூன்று பேர். பிலிப்பு, சகாயம்மா, ஷரிபுதீன். கதவில் ஒட்டியிருக்கும் ஜப்பான்காரரையும் சேர்த்தால் நாலு. மூன்று பேர் ஏறிய வேனுக்கு இனி நல்ல விலை வராது என்று பாயிஸ் கவலைப்படுகிறான். மச்சான் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, வேனுக்குள் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அதை ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பார்.

போன கிழமை நான் அவரோடு முன் சீற்றில் இருந்தேன். மாளிகைக்காட்டில் ஒருவர் கையைக் காட்டி மறித்து, மகளின் வீட்டுக்கு ஒரு அலுமாரி ஏற்ற வேண்டும் என்றார். மச்சான் மேலே செருகியிருந்த கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"ஏத்தலாம் தம்பி. ஆனா கல்முனையில ஒரு அம்மா இரிக்கா. அவ ஏசுவா."